எதை ஓதிக் கொடுப்பது?

கல்லூரி ஆசிரியப் பணியில் நாம் சேர்ந்த முதலாண்டில் விருப்பப் பாடமொன்று நம் பொறுப்பில் விடப்பட்டது. "இஸ்லாமிய வரலாறு" என்ற தலைப்பு மட்டுமே நமக்குத் தரப்பட்ட தாளில் இருந்தது. எந்த நூற்றாண்டில் தொடங்குவது, எந்த நாட்டோடு நிறுத்துவது, எந்த நூலைக் கைக்கொள்வது என்பன பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் உங்கள் விருப்பம்" என்று விடை கிடைத்தது. அன்றிரவு மகிழ்ந்தோம், மறுநாள் இரவு அஞ்சினோம். முதல் வாரத்துக்கென்று எழுதி வைத்த குறிப்புகள் முதல் வகுப்பின் இருபதாம் நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டன. பயந்துபோய் அடுத்த வாரத்துக்கு எழுதியவையோ மூன்று வாரம் ஓதியும் தீராமல் மிஞ்சி நின்றன. மாணவர் முகங்களைப் பார்த்தே பாடத்தை நீட்டவும் குறுக்கவும் கற்றுக்கொள்ள ஓராண்டு பிடித்தது.

பாடத்திட்டம் ஒன்று கையில் இருந்தால் வகுப்பு கெட்டுப் போகும்போது அதன்மீது பழி போடலாம். இல்லாதபோது பழி முழுவதும் நம் தலையில்தான். இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று, நம்மினும் ஆயிரம் மடங்கு பெரியவர்களையும் இது உலுக்கியிருக்கிறது என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோது கண்டோம். இஸ்லாமிய உலகின் உயர்கல்வி, வகுக்கப்பட்ட பாடத்திட்டம் என்ற ஒன்றே இல்லாமல்தான் பல நூற்றாண்டுகள் நடந்தது. அந்தச் சுதந்திரம் எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

தொடக்கத்தில் கல்லூரி என்றால் பள்ளிவாசலின் ஒரு தூண்தான். உஸ்தாத் தூணில் சாய்ந்து அமர்வார். மாணவர் அவரைச் சுற்றி வட்டமாக அமர்வர். அந்த வட்டத்துக்கே ஹல்கா என்று பெயர். மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியில் இமாம் மாலிக் (ரஹ்) ஓதிக் கொடுத்தது, அன்னார் தாமே திரட்டிய 'முவத்தா'வைத்தான். நெடுங்காலம் ஓதிக் கொடுத்த அந்த நூலை இமாமவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க விடவில்லை. சேர்த்தும் நீக்கியும் திருத்திக்கொண்டே வந்தார்கள். யஹ்யா லைஸீ அவர்கள் கேட்டுச் சென்ற முவத்தாவும், முஹம்மது ஷைபானீ அவர்கள் கேட்டுச் சென்ற முவத்தாவும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டுதோறும் பாடத்தைப் புதுப்பிக்கும் ஓர் ஆசிரியரின் கைச்சுவடு, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலிருந்து இப்படி நம் கண்முன் நிற்கிறது.

கற்று முடித்தவருக்குக் கொடுக்கப்பட்ட இஜாஸா என்னும் அனுமதிச் சான்று அன்று ஒரு கல்விச்சாலையின் பெயரால் வழங்கப்படவில்லை. இன்ன ஆசிரியரிடம் இன்ன கிதாபை ஓதினார், அதைப் பிறருக்கு ஓதிக் கொடுக்கத் தகுதி பெற்றார் என்று ஓர் ஆசிரியர் தம் பெயரால் எழுதிக் கொடுப்பதே இஜாஸா. கட்டடத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே, "இந்தக் கல்லூரியின் பாடத்திட்டம் என்ன?" என்று அக்காலத்து மாணவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் கேள்வியே அவருக்கு விளங்கியிராது. "யாரிடம் ஓதுகிறீர்?" என்பதுதான் அன்றைய கேள்வி.

ஸல்ஜூக்கியரின் பெருமந்திரி நிஜாமுல் முல்க், பக்தாதில் எழுப்பிய நிஜாமிய்யா மத்ரஸா ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) திறக்கப்பட்டது. வக்பு சொத்து, மாணவருக்கு உதவித்தொகை, நூல்நிலையம் எல்லாம் இருந்தன. ஆசிரியர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால் எந்தக் கிதாபை, எத்தனை மாதத்தில், எந்த வரிசையில் என்பதெல்லாம் ஆசனத்தில் அமரும் ஆசிரியரின் முடிவுக்கே விடப்பட்டன. மன்னனின் மந்திரி, ஆசிரியரை அமர்த்தவும் எழுப்பவும் வல்லவன். அவர் என்ன ஓதிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

திறப்பு விழாவன்று நடந்தது சுவையான செய்தி. முதல் ஆசிரியராக அமர்த்தப்பட்ட அபூ இஸ்ஹாக் ஷீராஜி (ரஹ்) வரவில்லை. ஊரே கூடிக் காத்திருக்கிறது. ஆசனம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் கட்டடத்துக்கான நிலமும் பொருள்களும் பிறரிடமிருந்து அநியாயமாகப் பறிக்கப்பட்டவை என்று வழியில் ஒரு சிறுவன் சொன்னானாம். அன்னார் அப்படியே திரும்பி மறைந்துகொண்டார்கள். வேறு வழியின்றி இப்னு ஸப்பாக் (ரஹ்) ஆசனத்தில் அமர்த்தப்பட்டார். இருபது நாள்களுக்குப் பின், பலரின் வற்புறுத்தலால் அபூ இஸ்ஹாக் அவர்கள் வந்து பொறுப்பேற்றார்கள். வந்த பின்னும் தொழுகை நேரமானால் அங்கே தொழாமல் வெளியே வேறொரு பள்ளிக்குச் சென்று தொழுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பாடத்தை வகுக்கும் உரிமை முழுவதும் தம்முடையது என்றால் அந்தப் பாடத்துக்குக் கூரையாக நிற்கும் சுவரின் ஹலாலும் ஹராமும்கூடத் தம்முடைய பொறுப்பே என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

அபூ இஸ்ஹாக் அவர்கள் பாடத்துக்கு ஆயத்தமாகும் முறை பற்றி ஒரு செய்தி உண்டு. கியாஸ் எனப்படும் ஒப்புநோக்கு வாதம் ஒன்றை மனத்தில் இருத்துவதற்கு அதை ஆயிரம் முறை திரும்பத் திரும்ப ஓதிப் பார்ப்பார்களாம். எண்ணிக்கையைச் சிலர் மிகை என்பர், இருக்கட்டும். எப்போது ஆயத்தம் முடிந்தது என்று சொல்ல வேறு அளவுகோல் இல்லாதவர் தமக்குத் தாமே ஓர் அளவுகோலை விதித்துக்கொண்டார் என்பதுதான் இதில் நாம் காண்பது. அன்னாரின் 'தன்பீஹ்', 'முஹத்தப்' என்னும் இரு நூல்களும் பிற்காலத்தில் ஷாபிஈ உலகெங்கும் பாடநூல்களாயின. முஹத்தபை எழுதி முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. ஒவ்வொரு பகுதியையும் எழுதி முடித்ததும் இரண்டு ரக்அத் தொழுதார்கள் என்று சொல்லப்படுகிறது.

அதே ஆசனத்தில் ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) வந்தமர்ந்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அப்போது வயது முப்பத்து மூன்று. நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஓதியவர்கள்; அந்தப் பாடக் குறிப்புகளையே சல்லடையிட்டு 'மன்கூல்' என்ற நூலாக்கியவர்கள். பக்தாதில் அன்னாரிடம் முந்நூறு மாணவர் ஓதினர். பகலெல்லாம் பாடமும் நூலாக்கமும். கிடைத்த ஓய்வு நேரத்தில், எந்த ஆசிரியரின் துணையுமின்றி, தத்துவவாதிகளின் நூல்களைத் தாமே படித்தார்கள். இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில் அந்தத் துறையைக் கரைகண்டு, மேலும் ஓராண்டு அதையே அசைபோட்டதாக அன்னார் தம் தன்வரலாற்று நூலான 'முன்கித்'தில் குறிப்பிடுகிறார்கள். தத்துவவாதிகளின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் 'மகாஸித்'தும், அவற்றை மறுக்கும் 'தஹாபுத்'தும் அந்த ஓய்வு நேரத்தின் விளைச்சல். கண்காணிக்கும் பாடத்திட்டம் ஒன்று அன்று இருந்திருந்தால், ஷாபிஈ சட்டம் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியர் இப்னு ஸீனாவின் நூல்களோடு மூன்றாண்டுகளைக் கழிக்க யார் விட்டிருப்பார்?

ஆனால் இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் கொடிது. வெளியிலிருந்து எவரும், "நீர் ஏன் இதைக் கற்பிக்கிறீர்?" என்று கேட்கவில்லை. எனவே அந்தக் கேள்வி உள்ளிருந்தே எழுந்தது. நாம் கற்பிக்கும் இந்த இயல்கள் மறுமைக்கு உதவுமா? நாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா? ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் தொடங்கி (கி.பி. 1095) ஏறக்குறைய ஆறு மாதங்கள் இமாமவர்கள் இந்தக் கேள்வியோடு மன்றாடினார்கள். இறுதியில் நாவே கட்டுண்டது. மாணவரின் மனம் நோகக்கூடாதே என்று ஒரு நாளாவது ஓதிக் கொடுக்க முயல்வார்களாம். ஒரு சொல்லும் வெளிவராது. உண்ட உணவு செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர், நோய் நெஞ்சில் இருக்கிறது, உடலில் அன்று என்றனர். அவ்வாண்டின் இறுதியில் பதவி, செல்வம் அனைத்தையும் துறந்து அன்னார் பக்தாதை விட்டே வெளியேறினார்கள்.

இந்த வெளியேற்றத்துக்கு அரசியல் காரணம் கூறுவாரும் உளர். 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டதும், அதனை அடுத்த ஸல்ஜூக்கியர் வாரிசுப் போரும் இமாமவர்களின் நிலையை ஆபத்தாக்கின என்பர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அரசியல் அச்சம் மட்டும் ஒருவரை நகரை விட்டு ஓட வைக்கலாம். வகுப்பில் வாய் திறக்க முடியாதபடி செய்யுமா? ஓராண்டு வகுப்பெடுத்த எவரும் இமாமவர்களின் சொந்த வாக்குமூலத்தை நம்பத் தயங்க மாட்டார் என்பது நம் எண்ணம்.

அந்த மௌனத்திற்குப் பின் பிறந்ததுதான் 'இஹ்யா'. நாற்பது பகுதிகள் கொண்ட அந்நூலில் முதற் பகுதி கல்வியைப் பற்றியது. எந்தக் கல்வி ஒவ்வொருவர் மீதும் கட்டாயக் கடமை, எது சமூகத்தில் சிலர் கற்றால் போதுமானது, எதைத் தொடாமலே இருப்பது நலம் என்று அதில் தரம் பிரித்துக் காட்டுகிறார்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் இயலிலும் மூன்று அளவுகள் உண்டு என்கிறார்கள்: சுருக்கம், நடுத்தரம், விரிவு. தப்ஸீரில் குர்ஆனைப் போல் இரு மடங்கு பருமனுள்ள உரை சுருக்கம், மும்மடங்குள்ளது நடுத்தரம், அதற்கு மேற்பட்டது விரிவு. பிக்ஹில் 'முக்தஸருல் முஸனீ' சுருக்கம். தம்முடைய 'வஸீத்' நடுத்தரம். தம்முடைய 'பஸீத்' விரிவு. எவ்வளவு கற்பிப்பது என்ற, நம்மையெல்லாம் தூங்க விடாத கேள்விக்குப் பக்க அளவிலேயே விடை சொல்லிய பெரியார் வேறு யார் உளர்? வழிகாட்டுதல் இல்லாமல் உடைந்து போன ஓர் ஆசிரியர் பின்னால் வருவோருக்கு வகுத்த வழிகாட்டுதல் இது. ஆயினும் அதை அவர் எந்தக் கல்லூரி மீதும் விதியாகச் சுமத்தவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆசிரியர் பாடு இதுவென்றால் மாணவர் பாடு எப்படி? இமாம் நவவி (ரஹ்) ஹிஜ்ரி 649இல் (கி.பி. 1251) பத்தொன்பது வயது இளைஞராக டமாஸ்கஸ் வந்தார்கள். ரவாஹிய்யா மத்ரஸாவில் ஒரு சிற்றறை. மத்ரஸா கொடுக்கும் ரொட்டியே உணவு. அபூ இஸ்ஹாக் அவர்களின் தன்பீஹை ஏறத்தாழ நான்கரை மாதத்தில் மனனம் செய்தார்கள். பின்னர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள்! வஸீதில் இரண்டு, முஹத்தபில் ஒன்று, ஸஹீஹ் முஸ்லிமில் ஒன்று, இப்னு ஜின்னியின் இலக்கணத்தில் ஒன்று, இப்னுஸ் ஸிக்கீத்தின் சொல்லாராய்ச்சியில் ஒன்று, இன்னும் உஸூல், அறிவிப்பாளர் வரலாறு என்று அந்தப் பட்டியல் நீளும். ஊரிலுள்ள வெவ்வேறு ஷெய்குமார்களிடம் ஓடி ஓடி ஓதிய இந்தக் கால அட்டவணையை வகுத்தவர் எந்தக் கல்லூரி முதல்வரும் அல்லர், அந்த இளைஞரே.

தாமே வகுப்பவர் தாமே தவறவும் செய்வார். ஒரு முறை மருத்துவமும் கற்போமே என்ற எண்ணம் அன்னாருக்கு எழுந்தது. இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலை விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய நாள் முதல் உள்ளம் இருண்டது; பல நாள்கள் எந்தப் பாடத்திலும் மனம் செல்லவில்லை. எங்கிருந்து வந்தது இந்த இருள் என்று யோசித்தவர்களுக்குக் காரணம் புலப்பட்டது. நூலை விற்றுவிட்டார்கள், தெளிவு திரும்பியது. மருத்துவம் தீதென்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பிழை. பன்னிரண்டு பாடங்களைத் தாங்கிய தோள் பதின்மூன்றாவதைத் தாங்கவில்லை என்பதே நாம் கொள்ளும் பொருள். அளவறிந்து நிறுத்திய அந்த மாணவரே பின்னாளில் 'மின்ஹாஜ்' எழுதினார்கள். நம் கடற்கரை ஊர்களின் ஷாபிஈ உலமாப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் நூலன்றோ அது!

மாணவரே பாடத்தைத் தேர்ந்தெடுப்பது சரிதானா என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் கையடக்க நூலை எழுதிய ஸர்னூஜி (ரஹ்), முற்காலத்தார் இந்தத் தேர்வை ஆசிரியரிடம் விட்டதால் வென்றனர், இக்காலத்தார் தாமே தேர்ந்து தோற்கின்றனர் என்று குறைபடுகிறார். இதற்குச் சான்றாக, பிக்ஹ் கற்க வந்த இமாம் புகாரியை (ரஹ்) ஹதீஸ் பக்கம் திருப்பிவிட்டவர் முஹம்மது ஷைபானீ (ரஹ்) என்றொரு கதையையும் சொல்கிறார். ஷைபானீ மறைந்தது ஹிஜ்ரி 189இல். புகாரி பிறந்ததோ ஹிஜ்ரி 194இல்! கதையைத் தள்ளிவிடலாம், ஆனால் நூலைத் தள்ள வேண்டா. தொடக்க மாணவருக்கு ஒரு நாள் பாடம் எவ்வளவு என்பதற்கு அவர் தரும் அளவை இன்றும் பொன்னானது: இரண்டு முறை திருப்பிச் சொன்னால் மனத்தில் நிற்கும் அளவே பாடம், பின்னர் நாளுக்கு ஒரு சொல்லாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரே பாடத்துக்கு எத்தனை ஆண்டு என்று எவரும் வரையறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் காணலாம். மொராக்கோவில் மாணவர் மத்ரஸாவில் தங்கும் காலம் பதினாறு ஆண்டுகள். தூனிஸில் ஐந்தே ஆண்டுகள். மொராக்கோவில் ஏன் இத்தனை நீளம்? அங்கே மாணவர் சபையில் வாய் திறப்பதில்லை, மனனத்திலேயே காலம் கழிகிறது, ஆதலால் ஐந்தாண்டில் வரவேண்டிய திறன் பதினாறாண்டிலும் வருவதில்லை என்கிறார். சுருக்க நூல்களை மனனம் செய்விக்கும் வழக்கத்தையும் அன்னார் கண்டித்தார்கள். ஒரு நூலை மூன்று சுற்றாக ஓதிக் கொடுக்க வேண்டும்: முதற் சுற்றில் தலைப்புகளின் சாரம், இரண்டாவதில் விளக்கமும் கருத்து வேறுபாடுகளும், மூன்றாவதில் முடிச்சு ஒன்றும் அவிழாமல் எஞ்சக்கூடாது. இரண்டு இயல்களை ஒரே நேரத்தில் கலந்து கற்பித்தலும் ஆகாது என்பது அவர்கள் கொள்கை. நவவி இமாமின் பன்னிரண்டு பாடங்களை அன்னார் ஒப்பியிருப்பார்களா? ஐயமே. இப்படி எழுதியவர் பின்னாளில் கெய்ரோ சென்று தாமும் ஆசிரியரானார். 1389இல் ஸர்கித்மிஷிய்யா மத்ரஸாவில் ஹதீஸ் ஆசனம் கிடைத்தபோது ஓதிக் கொடுக்கத் தாமே தேர்ந்தெடுத்த நூல் முவத்தா.

இத்தனை பெரியோரின் பெயர்களைச் சொல்லிவிட்டு, பாடத்திட்டமே வேண்டா என்று நாம் முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. ஆசிரியரின் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத மாணவர்கள். அவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் எகிப்தின் முஹம்மது அப்துஹு. 1862இல் பதின்மூன்று வயதுச் சிறுவராகத் தந்தா நகரின் அஹ்மதீ பள்ளியில் சேர்ந்தார். இலக்கணத்தின் தொடக்க நூலான ஆஜுரூமிய்யாவை அதன் உரையோடு ஓதிக் கொடுத்தனர். எழுவாய் எது, பயனிலை எது என்று அறியாத பிள்ளையிடம் முதல் நாளே ஒவ்வொரு சொல்லின் இறுதி அசைவுக்கும் காரணத்தைக் கலைச்சொற்களால் அடுக்கினர். ஒன்றரை ஆண்டு அமர்ந்தும் ஒன்றும் விளங்கவில்லை. தமக்குத்தான் அறிவில்லை என்று முடிவு கட்டிய சிறுவர் ஓடிப்போய்விட்டார். உறவினரான ஷெய்கு தர்வேஷ் என்ற பெரியவர் பொறுமையாக அருகே அமர்த்திப் படிக்க வைத்திராவிட்டால் அப்துஹு உழவராகவே இருந்திருப்பார். "இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இப்போது ஆகுமா?" என்று கேட்கும் கடமை அந்தப் பள்ளியில் எவருக்கும் இல்லை.

அதே காலத்தில் அஸ்ஹரிலும் இறுதித் தேர்வு என்று ஒன்று கிடையாது. தமக்குத் தகுதி வந்துவிட்டதென்று எண்ணும் மாணவர் ஒரு தூணருகே அமர்ந்து ஓதிக் கொடுக்கத் தொடங்குவார். மூத்தவர்கள் வந்து கேள்வி கேட்டு மடக்கிப் பார்ப்பார்கள். தாக்குப் பிடித்தால் அவர் ஆசிரியர். 1872இல்தான் பதினொரு பாடங்களில் முறையான தேர்வு சட்டமாயிற்று. தந்தாவில் தவித்த அப்துஹு வளர்ந்து அஸ்ஹரின் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்டதில் வியப்பில்லை. வியப்பு வேறொன்றில் இருக்கிறது. 1878இல் தாருல் உலூமில் ஆசிரியரானதும் அவர் கையிலெடுத்த நூல் இப்னு கல்தூனின் முகத்திமா. எந்த விதியும் அவரை அந்நூலை ஓதிக் கொடுக்கச் சொல்லவில்லை. விதி இல்லாமையால் துன்புற்றவர், விதி இல்லாத இடத்தில்தான் தம் சிறந்த பாடத்தை நடத்தினார்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் அரபிக் கல்லூரிகளில் வழங்கும் 'தர்ஸே நிஜாமி' என்ற பெயரை அறியாதவர் இரார். பக்தாத் நிஜாமிய்யாவின் பாடத்திட்டமே அது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர், அது பிழை. இது லக்னோவைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) பெயரால் வந்தது. அன்னாரின் தந்தை முல்லா குத்புத்தீன் நிலத் தகராறு ஒன்றில் கொல்லப்பட்டார்கள். அனாதையான குடும்பத்துக்கு ஒளரங்கஸேப் வழங்கிய மாளிகை, முன்னர் ஐரோப்பிய வணிகர் ஒருவருக்கு உரியது. ஆதலால் பரங்கி மஹல். அங்கே அமர்ந்து, 1748இல் மறையும் வரை முல்லா அவர்கள் ஓதிக் கொடுத்தார்கள்.

அவர்கள் எந்த அரசுக்கும் திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை. தம் மாணவருக்குத் தாம் தேர்ந்த கிதாபுகளை ஒழுங்குபடுத்தினார்கள். ஒவ்வோர் இயலிலும் கடினமான நூலைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் முறை. கடினமானதை ஆசிரியர் முன் அமர்ந்து அவிழ்த்தவன் எஞ்சியவற்றைத் தானே படித்துக்கொள்வான் என்பது கருத்து. பதினாறு, பதினேழு வயதில் ஓதி முடித்தவர்கள் இம்முறையில் உண்டு. வழக்கமாகக் காட்டப்படும் பட்டியலில் மன்திக் என்னும் தருக்கத்துக்கு எட்டு நூல்கள் இருக்கும். ஹதீஸுக்கு 'மிஷ்காத்' ஒன்றே. காஜிகளும் அரசு அலுவலரும் தேவைப்பட்ட காலத்தில் வாதத் திறனுக்கு இத்தனை இடம் கொடுத்தது விளங்கத் தக்கதே. அதே காலத்தில் டில்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்), தம் தந்தையாரின் ரஹீமிய்யா மத்ரஸாவில் ஹதீஸை நடுநாயகமாக வைத்து ஓதிக் கொடுத்தார்கள். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இரண்டு பெரியோர், இரண்டு வழிகள். இருவரும் அவரவர் மாணவரையும் காலத்தையும் பார்த்துத் தேர்ந்தார்கள்.

பின் வந்தோர் செய்ததைச் சொல்லத்தான் நமக்கு வருத்தம். ஒருவரின் தேர்வு ஊருக்கெல்லாம் விதியாயிற்று. 1866இல் தோன்றிய தேவ்பந்து ஆறு ஹதீஸ் தொகுப்புகளையும் சேர்த்து விரிவாக்கியது. 1890களில் எழுந்த நத்வா இயக்கம் பாடத்திட்டத்தையே மாற்ற முனைந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) வழியாக நம் தமிழகத்தில் வேரூன்றியதும் இந்த நிஜாமி முறையே. அதன் பயனை எண்ணற்ற ஊர்களின் மிம்பர்களும் மக்தபுகளும் சொல்லும். ஆனால் எட்டு மன்திக் நூல்களில் ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்டவரை மார்க்கத்தையே குறைக்க வந்தவரைப் போல் பார்த்த காலமும் இருந்தது. முல்லா நிஜாமுத்தீன் அவர்களே வந்து கேட்டிருந்தாலும் அதே பார்வைதான் கிடைத்திருக்கும்!

கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவின் ஸையிது முஹம்மது ஆலிம் (ரஹ்) (1816-1898), மக்கள் வாயில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இன்னொரு வழியைக் காட்டினார்கள். அரபு நூல்களின் பட்டியலுக்கு அப்பால் நின்ற ஆண்களையும் பெண்களையும் அவர்கள் கண்டார்கள். எழுத்து குர்ஆன் ஓதியதால் தெரியும். மொழி தாய்ப்பால் போல் தமிழ். ஆகவே அரபுத்தமிழில் 'பத்ஹுத் தய்யான்' எழுதினார்கள். எந்தப் பாடத்திட்டமும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்த கண் கேட்டது.

இமாம் கஸ்ஸாலி அவர்களின் கதையை நாம் பாதியில் விட்டு வந்தோம். பக்தாதை விட்டுச் சென்ற பதினோராவது ஆண்டில், ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106), நிஜாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க் வற்புறுத்தியதால் நிஷாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்தார்கள். இது பழைய இடத்துக்குத் திரும்புதல் ஆகாது, அன்று கற்பித்தது புகழைத் தேடித் தரும் கல்வி, இன்று கற்பிப்பது புகழைத் துறக்கச் செய்யும் கல்வி என்ற கருத்தில் அன்னாரே எழுதியுள்ளார்கள். சிறிது காலத்தில் அதையும் விட்டுச் சொந்த ஊரான தூஸுக்குச் சென்று, வீட்டருகே மாணவருக்கு ஒரு மத்ரஸாவும் ஸூபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். நாளின் ஒவ்வொரு நாழிகையையும் குர்ஆன் ஓதுவதற்கு, உள்ளத் தெளிவுடையோருடன் அமர்வதற்கு, பாடம் நடத்துவதற்கு என்று பங்கிட்டு வைத்திருந்ததாக அவர்களை நேரில் அறிந்த அப்துல் காபிர் பாரிஸீ பதிவு செய்துள்ளார். அந்த அட்டவணையை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. இம்முறை அது அவர்களை உடைக்கவும் இல்லை. ஹதீஸில் தம் கைப்பொருள் குறைவு என்று ஒப்புக்கொண்டிருந்த இமாமவர்கள், ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைவதற்கு முந்திய அந்த இறுதிக் காலத்தில் ஹதீஸ் வல்லாரை நாடி, புகாரி, முஸ்லிம் என்னும் இரு ஸஹீஹுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் மாணவராக அமர்ந்தார்கள்.